செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி: விவசாயியின் பிள்ளைக்கு இடம் எங்கே?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து பெறுபேறு வெளிவரும் நாள் வரையுள்ள மாதங்கள் எமது பிள்ளைகளைப் பொறுத்தவரையில் வெற்றுக் காலமாகவே கழிகின்றன. உயர்தரம் எழுதியவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் நீளமானது. ஆலையடிவேம்பிலும் திருக்கோவிலிலும் அக்கரைப்பற்றிலும் அட்டாளைச்சேனையிலும் இக்காலத்தில் ஆண்பிள்ளைகள் மேசனுக்குக் கையாளாகப் போகின்றார்கள். சிலர் தகப்பனோடு வயலுக்கோ கடலுக்கோ போகின்றார்கள். பெண்பிள்ளைகள் தையல் பழகுகின்றார்கள் அல்லது வீட்டோடு இருக்கின்றார்கள். பதினெட்டு வயது நெருங்கும்போது கடவுச்சீட்டுப் பற்றிய பேச்சு வீட்டில் எழுகின்றது.

இதே மாதங்களில் கொழும்பில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை என்ன செய்கின்றது? மாமாவோ தகப்பனின் நண்பரோ வேலை செய்கின்ற கணினி நிறுவனமொன்றில் நாலு கிழமை, ஆறு கிழமை என்று போய் இருக்கின்றது. உள்ளகப் பயிற்சி என்று அதற்குப் பெயர். அங்கே அந்தப் பிள்ளை பெரிதாக எதையும் உருவாக்கிவிடுவதில்லை. ஆனால் வேலைத்தலம் எப்படி இருக்கும், ஒரு பிரச்சினையை எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள், தெரியாததை யாரிடம் கேட்பது என்பதையெல்லாம் பதினாறு வயதிலேயே கண்டுகொள்கின்றது. பின்னர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும்போது எழுதுவதற்கு அதனிடம் ஒரு விடயம் இருக்கின்றது. அண்மைக் காலமாக இப்பயிற்சிகளில் அதிகம் பேசப்படுவது செயற்கை நுண்ணறிவு என்னும் துறையாகும்.

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கதவு ஏன் திறப்பதில்லை? அப்பிள்ளைக்கு மூளை குறைவு என்பதனாலல்ல. கதவருகே நிற்கின்ற மாமா அதற்கு இல்லை. ஊரை விட்டு எழும்பியபோது நாம் காணியையும் மாட்டையும் உறுதிப் பத்திரத்தையும் இழந்தோம் என்று கணக்குச் சொல்கின்றோம். அறிமுகங்களையும் இழந்தோம் என்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. மூன்று பாடசாலை மாறிய பிள்ளைக்கு அதன் பெயரைச் சொல்லிக் கடிதம் கொடுக்க ஓர் அதிபர் கூடக் கிடைப்பது கஷ்டம்.

இந்தப் பயிற்சி எமது பிள்ளைகளுக்கு வேண்டும். அதற்காக அவர்களைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதில்லை. பயிற்சிக்குரிய பொருள் எமது வயலிலும் எமது பேச்சிலும் கிடக்கின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இந்தச் செயற்கை நுண்ணறிவு என்னவென்று பார்ப்போம். மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு பொடியன் தகப்பனின் பின்னால் வரம்பில் நடந்து நடந்து எரிபந்தம் பிடித்த இலை எது, பசளை போதாமல் மஞ்சளித்த இலை எது என்று பழகிக்கொள்கின்றான் அல்லவா? யாரும் அவனுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆயிரம் இலை பார்த்தான்; ஒவ்வொன்றையும் பார்த்துத் தகப்பன் ஒரு பெயர் சொன்னார். கணினிக்கும் அப்படித்தான் பழக்குகின்றார்கள். ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான உதாரணங்களைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் பெயரைச் சொல்லிக் கொடுத்தால், புதிதாக வரும் ஒன்றுக்கும் அது பெயர் ஊகிக்கத் தொடங்குகின்றது. உதாரணம் பிழைத்தால் ஊகமும் பிழைக்கும்.

இத்துறை இன்றைய நிலைக்கு வந்த கதையில் ஒரு பெண்மணிக்கு முக்கிய இடமுண்டு. பெய்-பெய் லீ என்பது அவர் பெயர். சீனாவிலிருந்து பதினாறு வயதளவில் தாயுடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். ஆங்கிலம் சரளமாகத் தெரியாத நிலையில் அங்கு பாடசாலைக்குப் போனார். குடும்பம் பிழைப்பதற்காக ஒரு லோண்டரிக் கடை நடத்தியது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்திலும் வார இறுதியில் அந்தக் கடையில் நின்றார். பிற்காலத்தில் அவரும் அவருடைய குழுவினரும் சேர்ந்து இமேஜ்நெட் என்ற பெருந்தொகுப்பை உருவாக்கினார்கள். 2009ஆம் ஆண்டில் அது வெளியிடப்பட்டது. ஒரு கோடியே நாற்பது இலட்சம் அளவிலான படங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர். அந்தப் பெயரையெல்லாம் இட்டவர்கள் யார்? 167 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 49,000 பேர். வீட்டிலிருந்து இணையத்தினூடாகச் சில்லறைக் கூலிக்கு இது நாய், இது கதிரை என்று அடையாளமிட்டவர்கள். லீயின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்த 49,000 பேரின் பெயர் எவருக்கும் தெரியாது.

எமது பிள்ளைகள் இந்த இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்தில் நிற்கப் போகின்றார்கள் என்பதுதான் கேள்வி. பயிற்சி கிடைக்காவிட்டால் பதில் எளிது.

லீயும் இதை யோசித்திருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஒன்பதாம் தரம் முடித்த மாணவிகளுக்காக ஒரு முகாமை அவரும் சகபாடிகளும் ஆரம்பித்தார்கள். அங்கு வெறுமனே விரிவுரை நடைபெறவில்லை. வைத்தியசாலையில் தாதியர் கை கழுவுகின்றார்களா என்று கணினி பார்ப்பது எப்படி, அனர்த்த நேரத்தில் மக்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளிலிருந்து யாருக்கு என்ன உதவி தேவை என்று பிரித்தெடுப்பது எப்படி என்பன போன்ற நிஜப் பிரச்சினைகளை அச்சிறுமிகளின் கையில் கொடுத்தார்கள். 2017இல் அது ஏ.ஐ.ஃபோர்ஓல் என்ற இலாப நோக்கற்ற நிறுவனமாக வளர்ந்து வேறு பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடலுக்குக் கொடுத்த எமக்கு அந்த அனர்த்தச் செய்தி வேலையின் பெறுமதியை எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஸ்டன்போர்ட் தூரம். கேரளம் கிட்ட இருக்கின்றது. அங்கு 2018இல் 'லிட்டில் கைற்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் அரச மற்றும் அரச உதவி பெறும் ஏறக்குறைய இரண்டாயிரம் உயர்நிலைப் பாடசாலைகளில் ஆரம்பிக்கப்பட்டன. தனியார் பாடசாலைகளில் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் அங்கு கணினியைப் பழுது பார்ப்பதிலிருந்து ரோபோ செய்வது வரை பழகுகின்றார்கள். விடுமுறையில் முகாம் நடக்கின்றது. பழகிய பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் கற்றுக் கொடுக்கின்றது. 2024இல் ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே செயற்கை நுண்ணறிவு பற்றிய பகுதி சேர்க்கப்பட்டது. கேரளத்தில் தமிழ் மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பாடநூல் தமிழிலும் உண்டு. ஆகவே தமிழில் இதெல்லாம் கற்பிக்க முடியாது என்ற பேச்சை இனி ஒதுக்கி வைக்கலாம்.

எமது நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், தெரிந்தெடுக்கப்பட்ட சில பாடசாலைகளில் எட்டாம் தரம் முதல் செயற்கை நுண்ணறிவைக் கற்பிக்கும் முன்னோடித் திட்டத்தைக் கல்வி அமைச்சு தொடங்கியது. தொடங்கியது நல்லது. ஆனால் முன்னோடித் திட்டங்கள் நகரத்தில் பிறந்து கிராமத்துக்கு வரும் வழியில் களைத்துப் போவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். 2005 முதல் நாடெங்கும் திறக்கப்பட்ட நெணசல எனும் அறிவகங்கள் நினைவிருக்கலாம். கிராமங்களிலும் வணக்கத்தலங்களிலும் கணினி வைத்தார்கள். 2014இல் அத்திட்டத்துக்கு பில் - மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதும் கிடைத்தது. அதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று: பெட்டியைக் கொண்டுவந்து இறக்குவது எளிது, அதன் பக்கத்தில் பிள்ளையோடு குந்தியிருந்து சொல்லிக் கொடுக்கும் ஆளைத் தொடர்ந்து வைத்திருப்பதே கடினம்.

அந்த ஆளை ஊரவர்களே தேடிக்கொள்ள முடியும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குள் அங்கு யாழ் ஐ.ரி. ஹப் என்ற அமைப்பை உள்ளூர் இளைஞர்களும் புலம்பெயர்ந்த பொறியியலாளர்களும் சேர்ந்து தொடங்கினார்கள். அவர்கள் நடத்தும் யாழ் கீக் சலஞ் போட்டியில் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றுக்குத் தீர்வு தேட, தொழிலில் உள்ளவர்கள் அவர்களுக்கு வழிகாட்டுகின்றார்கள். அது ஏன் வடக்கோடு நிற்க வேண்டும்?

இனி எமது கரைக்கு வருவோம். இங்கு பயிற்சிக்கு என்ன பொருள் இருக்கின்றது என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டைச் சொல்வேன்.

ஒன்று வயல். 2018 இன் இறுதியில் படைப்புழு அம்பாறைச் சோளச் சேனைகளில் விழுந்தபோது பலருக்கு அது என்ன புழு என்றே தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்குள் குருத்துப் போய்விட்டது. அதே காலத்தில் ஆபிரிக்காவில் விவசாயிகள் 'நுரு' என்ற கைத்தொலைபேசி உதவியைப் பாவிக்கத் தொடங்கியிருந்தார்கள். சுவாஹிலி மொழியில் நுரு என்றால் ஒளி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிளான்ட்வில்லேஜ் குழுவினர் உருவாக்கியது. இலைக்கு நேரே தொலைபேசியைப் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லும். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அதற்கு முதலில் பழக்கியது டான்சானியாவின் மரவள்ளித் தோட்டங்களில் எடுத்த படங்களைக் கொண்டு. அதாவது யாரோ ஒருவர் அந்தத் தோட்டங்களில் நின்று ஒவ்வோர் இலையாகப் படமெடுத்து, நோய் தெரிந்தவர் பெயர் சொல்ல, எழுதி வைத்தார்கள். பனங்காட்டு வட்டையிலும் சாகாமத்துக் கண்டங்களிலும் நெல் இலையை அப்படிப் படமெடுத்து வைக்க எமது பிள்ளைகளை விடப் பொருத்தமானவர் யார்?

இந்த வேலையை ஒரு பயிற்சியாக நடத்தினால் எப்படி இருக்கும் என்று சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஆறு கிழமை. முதல் இரண்டு கிழமையும் கணினியைத் தொடவே வேண்டாம். விவசாயப் போதனாசிரியரோடும் வயது போன விவசாயிகளோடும் வரம்பில் நடக்கட்டும். எரிபந்தம், கபிலத் தத்தி தாக்கிய இடம், இலைச்சுருட்டி, களை நெல் என்று ஒவ்வொன்றையும் தகப்பனின் தொலைபேசியில் படமெடுக்கட்டும். பெயரிடும்போது சண்டை வரும். ஒரு பெரியவர் ஒன்று சொல்வார்; அடுத்தவர் வேறொன்று சொல்வார்; போதனாசிரியர் மூன்றாவது சொல்வார். அந்தச் சண்டைதான் முதலாவது பாடம். கணினிக்குத் தெரிவதெல்லாம் மனிதர்கள் ஒத்துக்கொண்ட பெயர்கள் மாத்திரமே என்பதைப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்கின்றது.

பிறகு ஒரு மடிக்கணினி போதும். கூகிள் நிறுவனத்தின் 'டீச்சபிள் மெஷின்' என்ற இலவச வசதியில், கணினி மொழி எதுவும் எழுதத் தெரியாத பிள்ளை கூடப் படங்களைப் போட்டுப் பழக்கிப் பார்க்கலாம். பழக்கிய பின் அதே வட்டையில் சரியாகச் சொல்லும். அடுத்த வட்டைக்குக் கொண்டு போனால் தடுமாறக் கூடும். ஏன் என்று தேடிப் பார்த்தால், நோயுள்ள இலைகளையெல்லாம் பின்னேரத்திலும் நல்ல இலைகளையெல்லாம் காலையிலும் படமெடுத்திருப்பார்கள். கணினி நோயைப் படிக்காமல் வெயிலைப் படித்திருக்கும். இது கற்பனை உதாரணமல்ல. உலகின் பெரிய ஆய்வுகூடங்களிலும் இப்படியான பிழைகள் நேர்கின்றன. இந்தப் பிழையைக் கண்டுபிடித்து மீண்டும் வயலுக்குப் போய்ப் படமெடுத்து வரும் பிள்ளை, கொழும்பில் குளிரூட்டிய அறையில் ஆறு கிழமை இருந்து வந்த பிள்ளையை விட ஒன்றும் குறைவாகப் படித்திருக்காது.

இரண்டாவது பொருள் எமது பேச்சு. இன்று தொலைபேசியோடு தமிழில் பேசலாம், அது பதில் சொல்லும் என்கின்றார்கள். எந்தத் தமிழில்? சென்னை ஐ.ஐ.ரி.யில் இயங்கும் ஏ.ஐ.ஃபோர்பாரத் குழுவினர் இந்தியாவின் மாவட்டந்தோறும் போய் மக்கள் பேசும் குரலைப் பதிவு செய்து சேர்க்கின்றார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அவர்களின் எல்லை இராமேஸ்வரத்தோடு முடிகின்றது. நாம் 'வேளாண்மை வெட்டியாச்சா?' என்று கேட்டால் அந்த இயந்திரம் திகைக்கும். அதற்கு வேளாண்மை என்றால் விவசாயத் தொழில், எமக்கு அது வயலில் நிற்கும் நெற்பயிர். 'சூடு வைத்தல்' என்றால் அதற்கு நெருப்பு. எமக்கு அது வெட்டிய கதிரை அடுக்கிக் குவிப்பது. வட்டை, வாடி, களவெட்டி, முல்லைக்காரன், வட்டவிதானை என்பனவெல்லாம் அதன் அகராதியில் எந்தக் கோலத்தில் இருக்குமோ தெரியாது. களவெட்டிக்குள் நெல்லை நெல்லென்று சொல்லாமல் பொலி என்று சொன்ன தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கின்றது. அறுவடை இயந்திரம் வந்த பின் களவெட்டியும் போய்விட்டது; அந்தச் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன.

இச்சொற்கள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை. கோளாவிலில் ஒரு பாட்டனிடமும் அட்டாளைச்சேனையில் ஒரு மூத்தவாப்பாவிடமும் பதிவு செய்தால், உறவுமுறைச் சொல்லில் வேறுபாடு இருக்கும். வயற் சொல்லில் பெரும்பாலும் இருக்காது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து இந்த வேலையைச் செய்வதில் எனக்கு வேறொரு ஆசையும் உண்டு என்பதை மறைக்கவில்லை. மொசில்லா நிறுவனத்தின் கொமன் வொய்ஸ் என்ற பொதுத் தொகுப்பில் எவரும் தமிழில் குரல் கொடுக்கலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றும் 'சி-த' என்ற முறைமை உருவாக்கப்பட்டிருக்கின்றது. காணிக் கச்சேரிக் கடிதம் சிங்களத்தில் வந்து, அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்த குடும்பங்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். அத்தகைய முறைமைக்குக் காணி, நீர்ப்பாசனம் தொடர்பான சொற்களைத் திருத்திக் கொடுக்கும் பயிற்சியை உயர்தர மாணவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

ஒரு நிபந்தனையோடு. பெரியவர்களின் குரலையோ குடும்பத்தின் காணிப் பத்திரத்தையோ எடுப்பதற்கு முன் எதற்கு எடுக்கின்றோம், எங்கே போகும் என்பதைச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது. இடம்பெயர்ந்தவர்களிடம் விபரம் எடுத்துக்கொண்டு போனவர்கள் அநேகம். திரும்பி வந்தவர்கள் சொற்பம். பிள்ளைகள் அந்தப் பழக்கத்தைப் பழகக் கூடாது.

இப்போது பெற்றோருக்குச் சில வார்த்தை. செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் அடிபடத் தொடங்கியதும் அதை விற்பவர்களும் வந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், நகையை அடகு வைத்து மகளை இணையவழி 'சர்வதேச உள்ளகப் பயிற்சி' ஒன்றில் சேர்த்தார். ஒளிப்பதிவுகள் சிலவற்றைப் பார்த்து முடித்ததும் பொன் எழுத்தில் ஒரு சான்றிதழ் வந்தது. அந்தச் சான்றிதழைக் கேட்ட இடம் ஒன்றுமில்லை. பிள்ளை செய்த வேலை எது என்று கேட்டால் காட்டவும் ஒன்றுமில்லை. பயிற்சி என்றால் பயிற்சி கொடுப்பவர் பிள்ளைக்குப் பஸ் காசாவது கொடுப்பார். பிள்ளையிடம் காசு கேட்பது பயிற்சியல்ல, வியாபாரம். பிள்ளையின் வேலையைப் பார்த்துத் திருத்துபவர் யார், அவரோடு தமிழில் பேசலாமா, முடிவில் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அடகு வைக்க வேண்டாம்.

இதைவிட நுட்பமான ஆபத்து மற்றொன்று. பயிற்சி என்ற பெயரில் பிள்ளையை அடையாளமிடும் கூலியாளாக்குவது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் ரைம் சஞ்சிகை ஒரு செய்தியை வெளியிட்டது. சட் ஜி.பி.டி.யைப் பாதுகாப்பானதாக்குவதற்காகக் கென்யாவில் இளைஞர்கள் மணித்தியாலத்துக்கு 2 டொலருக்கும் குறைவான சம்பளத்தில், வாசிக்கவே கூடாத வன்முறை எழுத்துக்களை நாள் முழுக்க வாசித்து அடையாளமிட்டார்கள். மனம் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அடையாளமிடும் வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் தேசிக்ரூ என்ற நிறுவனம் கணினி வேலையைக் கிராமத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்து வந்திருக்கின்றது. அதனால் ஊரை விட்டுப் போகாமல் மாதச் சம்பளம் எடுத்த பெண்கள் உண்டு. வளர்ந்தவர்கள் நியாயமான சம்பளத்துக்கு அதைச் செய்யலாம். பாடசாலைப் பிள்ளைக்கு அது பயிற்சியாகாது. இலங்கையில் வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வேலை வாங்கிவிட்டுக் கூலியை நிறுத்தி வைப்பது பாவம் என்பதில் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் இரண்டு கருத்துக் கிடையாது.

காணியே கைக்கு வரவில்லை, வந்த காணியிலும் யானை நிற்கின்றது, 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தி வேளாண்மையைப் பாழாக்கினார்கள், அந்தக் கடன் தீரவில்லை. இதற்குள் செயற்கை நுண்ணறிவு ஒரு கேடா என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. தங்கவேலாயுதபுரத்துக்கும் கனகர் கிராமத்துக்கும் காணிப் பிரச்சினை முதலாவது, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காணி வரும் வரை பிள்ளையின் வயது நின்று கொண்டிருப்பதில்லை. 1990இல் பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இன்று தாங்களே பிள்ளை பெற்றுப் பாடசாலைக்கு அனுப்புகின்றார்கள். முதலில் சோறு, பிறகு படிப்பு என்று வரிசைப்படுத்தியதில் ஒரு தலைமுறைக்கு இரண்டும் பிந்தியது.

எங்கே நடத்துவது? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் சிறு தூரம். 1995இல் அது பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பமானதற்குக் காரணமே, யுத்தச் சூழலில் கிழக்குப் பல்கலைக்கழகத்தை விட்டு இடம்பெயர நேர்ந்த மாணவர்கள்தான். இடம்பெயர்ந்தவர்களுக்காகப் பிறந்த ஒரு கல்வி நிலையத்திடம் இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் போய்க் கேட்பதில் கூச்சப்பட என்ன இருக்கின்றது? அங்கே பொறியியல் பீடமும் தொழில்நுட்பப் பீடமும், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும் உள்ளன. தமிழிலும் பேசக்கூடிய மாணவர்கள் அங்கு நிறைய. அவர்களில் இருவர் கிழமைக்கு இரண்டு நாள் ஆலையடிவேம்புக்கு வந்து போனாலே மேற்சொன்ன ஆறு கிழமைப் பயிற்சி நடக்கும். மண்டபம் எம்மிடம் உண்டு. பங்கு மண்டபமானாலும் கோவில் மண்டபமானாலும் மத்ரசாக் கட்டிடமானாலும் பகலில் பெரும்பாலும் சும்மாவே கிடக்கின்றது.

ஊருக்குள் நடத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் பெண்பிள்ளைகளும் ஒரு காரணம். கொழும்பில் ஆறு கிழமை தங்க எத்தனை வீட்டார் மகளை விடுவார்கள்? காலையில் போய்ப் பகல் சாப்பாட்டுக்குப் பின் வீடு திரும்பலாமென்றால் தாய்மாரே அனுப்பி வைப்பார்கள். பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லக் கூடாது; வீட்டில் கணினி இருக்கின்றதா என்று கேட்கவும் கூடாது. அளிக்கம்பையில் வீட்டில் தெலுங்கும் பாடசாலையில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகள் இருக்கின்றார்கள். இரண்டு மொழிக்கு இடையில் சொல்லை மாற்றி மாற்றி வளர்ந்த அப்பிள்ளைகள் மொழி வேலையில் எவருக்கும் சளைத்தவர்களாக இருக்க மாட்டார்கள். அவர்களை வடிகட்டி வெளியே தள்ளும் கேள்வியைக் கேட்டுவிட்டு, தகுதியான பிள்ளை இல்லை என்று அறிக்கை எழுதுவது எமக்குப் பழகிப்போன அநியாயம்.

அரச சட்டகமும் ஏற்கெனவே உண்டு. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்குகின்றது. மோட்டார் மெக்கானிக்காகவும் மின்னிணைப்பாளராகவும் எமது இளைஞர்கள் பலரைப் பயிலுநராகச் சேர்த்து ஆளாக்கிய ஏற்பாடு அதுதான். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்றுறைப் பிரிவில் பாடசாலைக்கு வெளியே போய்ப் பெறும் வேலைத்தலப் பயிற்சியும் பாடத்தின் ஒரு பகுதி. கராஜ் வேலைத்தலமாகலாமென்றால் வயலும் விவசாய விரிவாக்க நிலையமும் ஏன் வேலைத்தலமாக முடியாது? திருக்கோவில் கல்வி வலயம் மனம் வைத்தால் ஒரு கடிதத்தில் தொடங்கக் கூடிய வேலை இது. அக்கடிதம் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

மகா போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் கூடும். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, மாடு அகற்றும் திகதி எல்லாம் அங்கே தீர்மானிக்கப்படும். பிரதேச செயலாளரும் நீர்ப்பாசன, விவசாய உத்தியோகத்தர்களும் கமக்காரர் அமைப்புத் தலைவர்களும் ஒரே மேசையில் இருக்கும் அபூர்வமான நாள் அது. இம்முறை வேறு விடயங்கள் என்ற இடம் வரும்போது எவராவது ஒருவர் எழும்பி, பரீட்சை முடிந்த பிள்ளைகள் பத்துப் பேருக்கு எமது வட்டையில் இறங்கிப் படமெடுக்க அனுமதியும், கூட வர ஒரு போதனாசிரியரும், ஒலுவிலுக்கு ஒரு கடிதமும் வேண்டுமென்று கேட்கட்டும். கேட்டதைக் கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லட்டும்.